ரவாங் நகரில் ஒளியேற்றிய தம்புசாமி பிள்ளை

கோலாலம்பூருக்கு வடக்கே, பழைய ஈப்போ சாலையும் இரயில் பாதையும் ஊடுருவிச் செல்லும் ஊர் ரவாங். இந்த வட்டாரத்தில் பெய்யும் மழைநீர் சிற்றாறுகளாக ஓடிச் சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, கோல சிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. இன்று ரவாங் கடைகளும் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்த நகரம். ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு சிறிய ஈயச் சுரங்க ஊர். ஆனாலும், நம் நாட்டில் மின்சாரம் உற்பத்தி செய்யப்பட்டதற்கான மிகப் பழைய பதிவு அந்தச் சிற்றூருக்கே உரியது. 1894ஆம் ஆண்டில் அங்கு மின்னாக்கி இயந்திரத்தை நிறுவியவர்கள் இரு வணிகர்கள். ஒருவர் லோக் யூ என்னும் சீனர். மற்றொருவர் கே. தம்புசாமி பிள்ளை என்னும் தமிழர்.

பத்துமலை முருகன் கோயிலை நிறுவியவர் என்றே தம்புசாமி பிள்ளையைப் பலரும் அறிவர். அரசாங்க எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கி, சுரங்கத் தொழிலதிபராக உயர்ந்து, வளர்ந்து வந்த ஒரு சமுதாயத்திற்குத் தலைமையேற்ற அவரது வரலாறு அதைவிட விரிவானது.

சிங்கப்பூரில் இளமை

தம்புசாமி பிள்ளை 1850ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தார். அக்காலச் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பெயரில் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. துறைமுகத்தில் பல நாட்டுக் கப்பல்கள் நின்றன. தெருக்களில் மலாயும் சீனமும் தமிழும் கலந்து ஒலித்தன. இந்தச் சூழலில் வளர்ந்த தம்புசாமி, புகழ்பெற்ற இராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றார். ஆங்கிலம் எழுதப் பேசத் தெரிந்த தமிழர்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. அந்தக் கல்வியே அவரது வாழ்க்கைக்கு முதலீடாயிற்று.

படிப்பை முடித்ததும், ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். எழுத்தரை அக்காலத்தில் கிராணி என்று அழைப்பர். வழக்கறிஞர் அலுவலகத்துக் கிராணிக்குக் கடிதம் எழுதுவது மட்டும் வேலையன்று. நிலப் பத்திரங்கள், கடன் உறுதிகள், வணிக ஒப்பந்தங்கள் ஆகிய அனைத்தும் அவர் கையைக் கடந்தே செல்லும். பணம் எப்படித் திரள்கிறது, வணிகத்தில் நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது, எந்த இடத்தில் முறிகிறது என்பதை நாள்தோறும் கண்டறியக்கூடிய இடம் அது.

அந்நாளில் சிலாங்கூர் அமைதியாக இல்லை. 1867இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நீடித்தது. ஈயம் விளையும் நிலங்களையும், ஈயம் ஏற்றுமதியாகும் ஆற்று முகத்துவாரங்களையும் யார் ஆள்வது என்பதே போரின் மையமாக இருந்தது. கிள்ளான், கோல சிலாங்கூர் ஆகிய இரு முகத்துவாரங்களும் பலமுறை கைமாறின. போர் ஓய்ந்தபின், சுல்தானுக்கு ஆலோசனை கூறும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் சிலாங்கூருக்கு நியமிக்கப்பட்டார். 1875இல் அப்பதவியை ஏற்றவர் வழக்கறிஞர் டேவிட்சனே. அவருடன் கிள்ளானுக்கு வந்தார் தம்புசாமி. அப்போது அவருக்கு வயது 25.

கருவூலத்தில் பணி

மறு ஆண்டே டேவிட்சன் பேராக் மாநிலத்துக்கு மாற்றலாகிச் சென்றார். தம்புசாமியோ சிலாங்கூரிலேயே தங்கிவிட்டார். மாநிலக் கருவூலத்தில் தலைமை எழுத்தராகப் பணியாற்றினார். அன்றைய சிலாங்கூர் அரசின் வருவாயில் பெரும்பங்கு ஏற்றுமதியாகும் ஈயத்தின்மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து வந்தது. ஆகவே, கருவூலக் கணக்கைப் பார்ப்பவருக்கு, எந்தச் சுரங்கம் செழிக்கிறது, எது நலிகிறது, எந்த முதலாளி வாக்குத் தவறாதவர் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். ஆங்கில அதிகாரிகள், சீனச் சுரங்க முதலாளிகள், மலாய்த் தலைவர்கள், தமிழ்த் தொழிலாளர்கள் என நால்வகையினரிடமும் பழகக்கூடிய மிகச் சிலருள் ஒருவராக அவர் விளங்கினார்.

மாநிலக் கருவூல அதிகாரி விடுப்பில் சென்ற காலங்களில், அப்பொறுப்பைத் தம்புசாமி பிள்ளையே தற்காலிகமாக ஏற்று நடத்தினார். இது பலமுறை நிகழ்ந்தது. ஆயினும், குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உயர் பதவிகள் ஐரோப்பியர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. மாநிலத்தின் பணத்தை அவரிடம் நம்பி ஒப்படைத்த ஆட்சியில், அந்தப் பதவி அவருக்கு நிலையாகக் கிட்டும் வழி இருக்கவில்லை.

1880இல் மாநிலத் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அத்தாப்புக் கூரைகளும் மரச்சுவர்களும் நெருங்கி நின்ற அந்த ஊரை 1881இல் முதலில் தீ அழித்தது; அதே ஆண்டு வெள்ளமும் சூழ்ந்தது. பின்னர்ச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரம் மீண்டும் எழுப்பப்பட்டது. தம்புசாமி பிள்ளையும் அந்நகரோடு சேர்ந்து வளர்ந்தார்.

இரயில் பாதையும் தொழிலாளர்களும்

ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்ல இரயில் பாதை தேவைப்பட்டது. கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றையும் இணைத்த முதல் பாதை 1886இல் திறக்கப்பட்டது. காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தை நிரப்பி, தண்டவாளம் போடுவதற்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்களை அழைத்து வரும் பணிக்காக அரசாங்கம் தம்புசாமி பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்பியது.

வறட்சியும் பஞ்சமும் கடனும் வாட்டிய கிராமங்களிலிருந்து மக்கள் கப்பலேறினர். வந்த இடத்தில் அவர்களுக்குக் காத்திருந்த வாழ்க்கை எளிதன்று. மலேரியாக் காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. ஒப்பந்தத்தில் கட்டுண்ட தொழிலாளர்கள், ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேலையைவிட்டு விலக முடியாது. ஒரு வேலையை முடித்த பெருமை பேசப்படும்போது, அந்த வேலையில் உயிரைக் கொடுத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. தம்புசாமி பிள்ளையின் வரலாற்றோடு இந்தத் தொழிலாளர்களின் வரலாறும் பிணைந்திருக்கிறது.

இரயில் பாதை வடக்கு நோக்கியும் நீண்டது. 1892இல் ரவாங்கையும், 1894இல் கோலகுபுவையும் எட்டியது. அதற்கு முன்பு உலு சிலாங்கூர் ஈயம் படகுகளில் ஏற்றப்பட்டு, வளைந்து நெளிந்து ஓடும் சிலாங்கூர் ஆற்றின் வழியே கோல சிலாங்கூர் வந்து சேரும். அங்கிருந்து கப்பலேறும். அரிசியும் எண்ணெயும் துணியும் அதே ஆற்றின் வழியே மேல்நோக்கிச் செல்லும். இரயில் வந்தபின் சரக்குகள் கோலாலம்பூர் வழியாகக் கிள்ளானுக்குத் திரும்பின. கோல சிலாங்கூரின் படகு வணிகம் தளர்ந்தது. ரவாங்கின் கடைத்தெரு சுறுசுறுப்பானது. ஒரு சிற்றூரின் வாழ்வையும் தாழ்வையும் ஒரு பாதை மாற்றிவிடும் என்பதற்கு இவ்விரு ஊர்களும் சான்றாயின.

வணிகத்தில் இறங்குதல்

அரசாங்கப் பணியிலிருந்து விலகிய தம்புசாமி பிள்ளை முழுநேர வணிகரானார். குத்தகை வேலைகள், கடன் கொடுத்தல், காப்பிப் பயிர் என அவரது முயற்சிகள் விரிந்தன. எனினும், அவருக்குப் பெரும்பெயர் தந்தது ஈயச் சுரங்கத் தொழிலே. அத்தொழிலில் அவரோடு கூட்டுச் சேர்ந்தவர் லோக் யூ.

லோக் யூ சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாகவே சிங்கப்பூருக்கு வந்து, கடையில் வேலை செய்து, கூலியைச் சேமித்துச் சொந்தக் கடை வைத்தவர். பின்னர்ப் பேராக்கில் சுரங்கத் தொழிலில் இறங்கிப் பெரும் இழப்பைச் சந்தித்தார். மனந்தளராமல் சிலாங்கூரில் மீண்டும் எழுந்தார். ஒருவர் பள்ளிக் கல்வியால் உயர்ந்தவர். மற்றவர் பட்டறிவால் உயர்ந்தவர். மொழியும் சமயமும் வேறு. ஆயினும், கணக்கில் நேர்மையும் புதியதை முயன்று பார்க்கும் துணிவும் இருவருக்கும் பொதுவாக இருந்தன.

அக்காலத்தில் உலகச் சந்தைக்குச் சென்ற ஈயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்தே சென்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவைத் தகரப் பெட்டிகளில் அடைக்கும் தொழில் வளர்ந்ததால் ஈயத்துக்குத் தேவை பெருகியிருந்தது. ஆனால், 1890களின் முற்பகுதியில் ஈயத்தின் விலை சரிந்தது. விலை சரியும்போது, குறைந்த செலவில் அதிக ஈயத்தைத் தோண்டுபவரே நிலைத்து நிற்க முடியும்.

அதற்குத் தடையாக இருந்தது தண்ணீர். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலானவை மலையைக் குடைந்த குகைகள் அல்ல. நிலத்தைத் தோண்டிய திறந்த பெருங்குழிகள். ஆழமாகத் தோண்டத் தோண்ட ஊற்று நீர் சுரக்கும். மழைக்காலத்தில் ஒரே இரவில் குழி குளமாகிவிடும். நீரை வெளியேற்றாவிட்டால் தொழிலாளர்களுக்கு வேலை இல்லை. முதலாளிக்கு வருவாய் இல்லை. அவர்களை நம்பியிருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு வியாபாரம் இல்லை. தொடக்கத்தில், காலால் மிதித்தும் நீர்ச்சக்கரத்தால் சுழற்றியும் இயக்கப்படும் மரச் சங்கிலி இறைப்பான்களைச் சீனத் தொழிலாளர்கள் பயன்படுத்தினர். ஓரளவு ஆழத்துக்குமேல் அவை பயன்படவில்லை. பிறகு நீராவி இறைப்பான்கள் வந்தன. அவற்றுக்கு மலைபோல் விறகு தேவைப்பட்டது. சுற்றியுள்ள காடு குறையக் குறைய, விறகை வெகு தொலைவிலிருந்து வண்டியில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இந்நிலையில்தான், 1894இல், தம்புசாமி பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ரவாங் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவி, மின் இறைப்பான்களை இயக்கினர். மலாயாவில் சுரங்கத் தொழிலுக்கு மின் இறைப்பானைப் பயன்படுத்தியதில் அவர்களே முதல்வர்கள். மின்சாரத்தின் சிறப்பு, ஓரிடத்தில் உற்பத்தியாகும் ஆற்றலைக் கம்பி வழியே வேறோர் இடத்துக்கு அனுப்ப முடிவதாகும். குழி ஆழமானாலும் இடம் மாறினாலும் கம்பியை நீட்டினால் போதும். ஒவ்வொரு குழியின் கரையிலும் கொதிகலனையும் விறகுக் குவியலையும் வைக்க வேண்டியதில்லை.

இன்று இது எளிதாகத் தோன்றலாம். அன்று அப்படியன்று. நியூயார்க் நகரில் எடிசனின் மின் நிலையம் இயங்கத் தொடங்கி அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இயந்திரத்தைக் கப்பலில் வரவழைக்க வேண்டும். பழுதானால் சரிசெய்ய ஆளும் உதிரிப் பாகங்களும் அருகில் கிடையா. ஈய விலை சரிந்துவந்த காலத்தில், மலாயாவில் எவரும் முயலாத ஓர் இயந்திரத்தில் பணத்தைப் போடுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

அந்த மின்சாரம் சுரங்கக் குழியோடு நின்றுவிடவில்லை. அதே காலத்தில் ரவாங் தெருக்களிலும் மின்விளக்குகள் எரிந்தன. அதற்கு அடுத்த ஆண்டுதான், அதாவது 1895இல், கோலாலம்பூர் இரயில் நிலையங்களுக்கு மின்வசதி கிடைத்தது. தம்புசாமி பிள்ளை பிறந்த பெருநகரான சிங்கப்பூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1906இல்தான். பெருநகரங்கள் எண்ணெய் விளக்கிலும் எரிவாயு விளக்கிலும் இருந்தபோது, சிலாங்கூரின் ஒரு சிற்றூர் மின்னொளி கண்டது.

பொதுப்பணிகள்

ஈட்டிய செல்வத்தையும் செல்வாக்கையும் தம்புசாமி பிள்ளை பொதுப்பணிக்குப் பயன்படுத்தினார். அவற்றுள் முதன்மையானது கல்விப்பணி. கோலாலம்பூரில் எல்லா இன மாணவர்களும் ஆங்கிலக் கல்வி பெற ஒரு பள்ளி வேண்டும் என்ற முயற்சி எழுந்தபோது, லோக் யூ, சீனர் தலைவர் காப்பித்தான் யாப் குவான் செங் ஆகியோருடன் அவரும் முன்னின்றார். 1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்ட அப்பள்ளி, மறு ஆண்டு மாணவர்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவே விக்டோரியா கல்விக்கூடம். அதன் முதல் அறங்காவலர்களுள் தம்புசாமி பிள்ளையும் ஒருவர். பள்ளிக் கல்வியால் உயர்ந்த அவர், அதே வாய்ப்பை அடுத்த தலைமுறைக்கும் அமைத்துத் தந்தார்.

நகரின் தூய்மை, சாலை, சந்தை ஆகியவற்றைக் கவனித்த கோலாலம்பூர்ச் சுகாதார வாரியத்திலும் அவர் உறுப்பினராக இருந்தார். ஐரோப்பியர்களே நிறைந்திருந்த சிலாங்கூர் மன்றத்தின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவராகவும் விளங்கினார். தமிழர்களின் தேவைகளை ஆட்சியாளர்களிடம் எடுத்துரைக்கும் குரல் அவ்விடங்களில் அவருடையதாகவே இருந்தது.

சமயப் பணியில் அவர் விட்டுச்சென்ற அடையாளம் இன்று உலகறிந்தது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் நிறுவனராகவும் அவர் போற்றப்படுகிறார். நகருக்கு வடக்கே உள்ள சுண்ணாம்புக் குன்றின் குகை வாயில் வேலின் வடிவில் இருப்பதைக் கண்டு, 1890களின் தொடக்கத்தில் அங்கு முருகன் திருவுருவத்தை நிறுவினார். 1892ஆம் ஆண்டு முதல் அங்குத் தைப்பூசத் திருவிழா நடைபெற்று வருகிறது. அன்று குகைக்குச் செல்லப் படிகள் இல்லை. பக்தர்கள் காட்டுப் பாதையில் ஏறிச் சென்றனர். மரப்படிகள் 1920இல் அமைந்தன. பின்னர் அமைந்த 272 படிகளை இன்று இலட்சக்கணக்கானோர் ஏறுகின்றனர். தோட்டங்களிலும் இரயில் பாதைகளிலும் சிதறி வாழ்ந்த தமிழர்கள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓரிடத்தில் கூடி, உற்றார் உறவினரைக் கண்டு மகிழ அந்தத் திருவிழா வழிசெய்தது.

மறைவும் நினைவும்

தம்புசாமி பிள்ளை 1902ஆம் ஆண்டு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 52. அதே ஆண்டில் காப்பித்தான் யாப் குவான் செங்கும் மறைந்தார். நண்பர் லோக் யூ 1917 வரை வாழ்ந்தார். கோலாலம்பூரில் ஒரு சாலையும் ஒரு தமிழ்ப்பள்ளியும் இன்றும் தம்புசாமி பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அவர் மறைந்தபின் சிலாங்கூரின் முகம் மாறியது. காப்பி விலை வீழ்ந்ததால் காப்பித் தோட்டங்கள் இரப்பர்த் தோட்டங்களாயின. ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என வட சிலாங்கூர் எங்கும் இரப்பர் மரங்கள் எழுந்தன. அங்குப் பால்மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து மேலும் மேலும் மக்கள் வந்தனர். ரவாங் தெருவில் 1890களிலேயே மின்விளக்கு எரிந்தது. ஆனால், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தோட்டத்து லயங்களில், நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குகளே எரிந்தன. தோட்ட நிருவாகத்தின் மின்னாக்கி இருந்த இடங்களிலும், இரவில் சில மணி நேரம் மட்டுமே ஒளி கிடைத்தது. அந்த ஒளி அணைவதற்குள் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டியிருந்தது.

ஒரு தனிமனிதர் எவ்வளவு துணிவுடையவராயினும், எல்லா வீடுகளுக்கும் ஒளியைக் கொண்டு சேர்த்துவிட முடியாது. அதற்கு அரசும் சமுதாயமும் நீண்டகாலம் உழைக்க வேண்டும். 1949இல் மத்திய மின்சார வாரியம் நிறுவப்பட்டபின், மின்கம்பிகள் சிறிது சிறிதாக நாடெங்கும் நீண்டன. இன்று வட சிலாங்கூரில் ஒரு மாணவர் விளக்கின் கீழ் அமர்ந்து பாடம் படிக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ரவாங்கில் முதல் மின்னாக்கியை நிறுவியவர்களின் துணிவும் உண்டு. பாதையமைத்த பெயரறியாத் தொழிலாளர்களின் உழைப்பும் உண்டு.

வணிகத்தில் வெற்றி பெற்றவர் பலர். அவர்களுள் தம் சுரங்கத்துக்கு வந்த ஒளியை ஊர்த் தெருவோடும், தமக்குக் கிடைத்த கல்வியைப் பிறர் பிள்ளைகளோடும் பகிர்ந்துகொண்டவர்களையே ஊர் தலைவர்களாக நினைவில் வைத்திருக்கிறது. வேற்று இனத்தவரோடு கைகோத்து, புதியதை முயன்று, பெற்றதைப் பொதுவாக்கிய தம்புசாமி பிள்ளை அத்தகைய தலைவர்களுள் ஒருவர்.